மாமரத்தில் செதுக்கிய மாருத்

ஓசூர்த் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சந்து ஒன்றில், உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மர உரு, செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத அந்தப் பட்டறையின் உரிமையாளர், வேலை குறைந்த மாதங்களில் பழைய இந்திய விமானங்களின் மர மாதிரிகளைச் செதுக்கி விற்கிறார் என்பதைக் கிருஷ்ணகிரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். சென்ற தை மாதத்தில் நேரில் போய், எச்.எஃப்.-24 மாருத் போர் விமானத்தின் 48-இல் ஒரு பங்கு மாதிரிக்கு முன்பணம் கொடுத்தேன். பங்குனி முடிவதற்குள் அது கைக்கு வந்தது. விலை 4,800 ரூபாய். வாங்கி ஏழு மாதம் ஆகிறது. ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் அது என் மேசைமீது கண்டுவிட்டதால், மறுநாளே எழுதியிருந்தால் சொல்ல முடியாத சிலவற்றையும் இப்போது சொல்ல முடிகிறது.

மாருத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. கடைகளில் கிடைக்கும் விமான மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரித்தானிய விமானங்களே. நம் மாவட்டத்திலேயே, ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில், 1990-களில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இத்தாலிய பார்ட்டனேவியா பி.68 விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டியது. பின்னர் ஹன்சா பயிற்சி விமானமும் அங்கே உருவானது. அந்த ஓடுதளத்திலிருந்து எழும் சிறு விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் வீடுகளில்கூட, மேசைமேல் இருப்பது எப்போதும் பிரித்தானிய ஸ்பிட்ஃபயராகவே இருக்கிறது. இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானத்தின் மாதிரியை யாராவது செய்து தருவார்களா என்று பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பெயரில் தமிழுக்குப் புதியது ஒன்றுமில்லை. மாருதம் என்றால் காற்று. தென்றலை மந்தமாருதம் என்கிறோம். ஒலியின் வேகத்தை இரு மடங்கு மிஞ்ச வேண்டும் என்ற கனவோடு வரையப்பட்ட விமானம், என்ஜின் வலு போதாமல் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டதால், மந்தமாருதம் என்ற சொல் அதற்கு வேறொரு வகையிலும் பொருந்திவிட்டது. அதை நேசிக்கிறவன் என்பதால் இந்தக் கேலிக்கு எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஃபோக்-உல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க், 1956-இல் பெங்களூரு வந்து, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் (இன்றைய எச்.ஏ.எல்.) இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து மாருத்தை உருவாக்கினார். அந்தப் பணியின் ஓர் அத்தியாயம்தான் இந்த மாதிரியை வாங்க என்னை முழுமையாகச் சம்மதிக்க வைத்தது. உலோகத்தில் கட்டுவதற்கு முன்பு, மாருத்தின் முழு அளவிலேயே, இருவர் அமரக்கூடிய என்ஜின் இல்லாத கிளைடர் ஒன்றை மரத்தில் கட்டினார்கள். எக்ஸ்-241 என்று பெயரிட்ட அதை 1959-இல் ஒரு டக்கோட்டா விமானம் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட, சோதனை விமானிகள் அதை மிதக்க விட்டுத் தரையிறக்கி, வடிவம் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்று கற்றார்கள். உலோக மாருத் 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் ஓட்டப் பறந்தது. ஆக, முதன்முதலில் காற்றில் மிதந்த மாருத் மர மாருத்தே. பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம வேலையைத்தான் சார் அவங்களும் பண்ணியிருக்காங்க" என்றார். அந்த மகிழ்ச்சியில் விலையை ஒன்றும் குறைக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி பொருளுக்கு வருகிறேன். நான் முப்பத்தோராண்டு டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அளவெடுப்பது பழக்கம். மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கையின் அகலம் 9 மீட்டர், உயரம் 3.60 மீட்டர். 48-ஆல் வகுத்தால் மாதிரி 330.6 மி.மீ. நீளமும், 187.5 மி.மீ. அகலமும், 75 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரும் எஃகு அளவுகோலும் வைத்துப் பார்த்ததில் நீளம் 334, அகலம் 189.5, உயரம் 76 என்று வந்தது. கைவேலையில் மூன்று மில்லிமீட்டர் பெரிய குற்றமன்று. ஆனால் மூன்று அளவுகளும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே விகிதத்தில் மிகுந்திருந்தது என்னை உறங்க விடவில்லை. கை தவறினால் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். எல்லாமே நூற்றுக்கு ஒன்று கூடியிருந்தால் தவறு கையில் இல்லை, கோலில் இருக்கிறது.

மறுமுறை ஓசூர் சென்றபோது அவருடைய அளவுகோலை வாங்கிப் பார்த்தேன். ஐயம் தீர்ந்தது. இரும்பு வார்ப்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும், ஆகவே பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருப்பதற்காக, பேட்டர்ன் செய்பவர்கள் நூற்றுக்கு ஒன்று நீட்டிப் பிரித்த தனிக் கோல் ஒன்றை வைத்திருப்பார்கள். இருபதாண்டுப் பழக்கத்தில் அதே கோலைத்தான் அவர் விமானத்துக்கும் எடுத்திருக்கிறார். என் மாருத்தை ஃபவுண்டரிக்கு அனுப்பி இரும்பில் வார்த்தால், ஆறியபின் 48-இல் ஒரு பங்கு அளவில் சரியாக வந்து உட்கார்ந்திருக்கும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்போது விமானங்களுக்கென்று சாதாரணக் கோல் ஒன்றைத் தனியாக ஆணியில் மாட்டியிருக்கிறார். விகிதம் பிழைக்காததால் என்னுடையதை மாற்றிக் கேட்கவில்லை. தவறுக்கு இவ்வளவு நல்ல காரணம் உள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதே உண்மை.

விகிதம் சரியாக அமைந்ததன் பலன் உடலில் தெரிகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மொத்தக் குறுக்குப் பரப்பு திடீரென்று மிகுந்தால் காற்றின் எதிர்ப்பு பெருகும். அதைத் தவிர்க்க அங்கே உடலை இடுப்புப்போல ஒடுக்குவார்கள். மாருத்தின் அழகு முழுவதும் அந்த இடுப்பில்தான் இருக்கிறது. அதில் அரை மில்லிமீட்டர் சதை கூடினாலும் விமானம் கொழுக்கட்டையாகிவிடும். பட்டறைக்காரர் இழைப்புளியை ஓரத்தில் வைத்துவிட்டு, அட்டையில் வெட்டிய பதினோரு குறுக்குவெட்டு அச்சுகளை ஒவ்வோர் இடத்திலும் பொருத்திப் பார்த்து, உளியாலும் உப்புத்தாளாலும் அந்த ஒடுக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார். விளக்கை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால், நிழல் மூக்கிலிருந்து வால்வரை எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் மெலிவும் நன்று. இருபுறக் காற்று வாய்களின் அரைவட்டமும், அவற்றுள் நிற்கும் அரைக்கூம்பும் தனித்தனியே செதுக்கி ஒட்டியவை. ஒட்டிய இடம் தெரியவில்லை.

மூக்கில் நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், பக்கத்துக்கு இரண்டாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சரி. ஆனால் பீரங்கி வாய்களைக் குடையாமல் கறுப்பு வண்ணத்தால் தீட்டி விட்டுவிட்டார். 4,800 ரூபாய்க்கு நான்கு துளை போட்டிருக்கலாம்.

என் பெரிய குறை பின்பக்கத்தில். மாருத்தின் இரு ஆர்ஃபியஸ் 703 என்ஜின்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,200 கிலோ உந்துவிசை தருபவை, ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) இல்லாதவை. அந்த விமானத்தின் துயரமே அதுதான். அதற்கென்று முதலில் எண்ணிய ஆஃப்டர்பர்னர் பொருத்திய ஆர்ஃபியஸ் 12 என்ஜினின் உருவாக்கச் செலவைப் பகிர்ந்துகொள்ள இந்தியா முன்வரவில்லை. அதனால் நாட் என்ற சிறு போர் விமானத்துக்காக பெங்களூருவில் ஏற்கெனவே உரிமம் பெற்றுச் செய்துவந்த அதே குடும்பத்து என்ஜினைக் கொண்டு நிறைவடைய நேர்ந்தது. எகிப்தில் உருவாகிவந்த இ-300 என்ஜினை ஒரு மாருத்தில் பொருத்தி 1967-இல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த வழியும் அடைபட்டது. பிறகு ஆர்ஃபியஸ் 703-க்கே ஆஃப்டர்பர்னர் சேர்த்து, பின்பக்கத்தை மாற்றியமைத்த சோதனை வடிவம் ஒன்று எழுந்தது. 1970 ஜனவரி 10 அன்று அதைச் சோதித்தபோதுதான் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூருவில் விமானபுரா பக்கம் போகிறவர்கள் அவர் பெயர் தாங்கிய சாலையைக் கடந்திருப்பார்கள்.

என் மாதிரியில் பின்பக்க வாய்கள் அகன்று, உள்ளே இதழ் இதழாக வரி கீறி, ஆஃப்டர்பர்னர் உள்ள நவீன விமானத்தின் வாய்களைப்போல இருந்தன. இணையத்தில் கிடைத்த வேறேதோ விமானத்தின் படத்தைப் பார்த்து, "அழகா இருக்கும்னு போட்டேன் சார்" என்றார். அழகுக்காகச் சேர்த்த அந்த வரிகள், அந்த விமானத்துக்குக் கிடைக்காமல் போன ஒன்றைக் கிடைத்ததாகக் காட்டுகின்றன; அதைத் தேடப்போய் ஒருவர் உயிர்விட்டிருக்கிறார். பீரங்கித் துளைகளை விட்டுக்கொடுத்த நான் இதை விட்டுக்கொடுக்கவில்லை. கதையை அவரிடம் முழுவதும் சொன்னேன். அவர் பேசாமல் மாதிரியை வாங்கி, இரு வாய்களையும் அறுத்தெடுத்து, எளிய வட்டக் குழாய்களாக இரண்டைக் கடைந்து பொருத்திக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சையும் பழுப்பும் கலந்த உருமறைப்பு கையாலேயே பூசப்பட்டிருக்கிறது; கிட்டப் பார்த்தால் தூரிகை தெரியும், மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. விமானப்படையின் வட்டக் குறி முதலில் தலைகீழாக, பச்சை வெளியிலும் காவி நடுவிலுமாக ஒட்டப்பட்டிருந்தது. வெளிவளையம் காவி, இடையில் வெள்ளை, நடுவில் பச்சை என்று சொன்னதும் மாற்றிவிட்டார்.

மரம் பற்றித்தான் வாங்க நினைப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பேட்டர்னுக்கு வழக்கமான மரம் தேக்கு. விமானங்களுக்கு அவர் மாமரத்தைப் பயன்படுத்துகிறார். நம் மாவட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளை வெட்டும்போது மரம் மலிவாகக் கிடைக்கிறது. உளிக்கு இணக்கமானது, வண்ணத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மாமரம் நன்கு காயாவிட்டால் முறுக்கும், வெடிக்கும், வண்டு துளைக்கும். என்னுடைய மாதிரியின் இடது இறக்கை அடியில், சித்திரை வெயிலில், மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று ஓடியது. ஐப்பசி மழையில் அது தானே மூடிக்கொண்டது. அடுத்த கோடையில் மறுபடி வாய் திறக்கும் என்று எதிர்பார்க்கிறேன். கேட்டதற்கு, "மரம் மூச்சு விடுது சார்" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகை எட்டு மாதமே காய்ந்தது என்றும், ஒன்றரை ஆண்டாவது விட்டிருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். பட்டி பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், அசைகிற மரத்தில் பட்டி நிற்காது.

இதை எழுதும்போது, திறந்தவெளியில் நிற்கும் உண்மையான விமானங்களின் நினைவு வருகிறது. உலோகமும் இதே பாடுதான் படுகிறது. வெயில் விமானி அறைக் கண்ணாடியில் நுண்ணிய விரிசல்களை விடும், டயர்கள் பிளக்கும், காற்று வாய்களில் பறவைகள் கூடு கட்டும், அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் மூட்டுகளில் மழைநீர் தேங்கினால், இரண்டில் அலுமினியம்தான் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். ஆகவே பறக்காத விமானத்துக்கும் பராமரிப்பு வேண்டும்: நீர் வடியும் துளைகளைத் திறந்து வைப்பது, வாய்களை மூடுவது, டயரின் பளுவைத் தாங்கிகளுக்கு மாற்றுவது, வண்ணம் உரிந்த இடத்தை அன்றே பூசுவது. 147 மாருத்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாக்குதலுக்குச் சென்று, தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் என்ஜினை இழந்தபின்னும் மற்றொன்றைக் கொண்டு தளம் திரும்பியவை அவற்றில் உண்டு. 1990-க்குள் அனைத்தும் ஓய்வு பெற்றன. இன்று பறக்கும் நிலையில் ஒன்றுகூட இல்லை, பெங்களூரு எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்திலும், அதே நகரின் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்திலும், டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும், ஜெர்மனியில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமிலும் நிற்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பெங்களூருவில் உள்ள இரண்டையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். மாதிரி வாங்குவதற்கு முன் போய்ப் பார்ப்பதே முறை. நான் வாங்கிய பின்தான் போனேன், அதனால்தான் பின்பக்க வாய்களின் பிழையை ஆறு வாரம் கழித்துக் கண்டேன்.

பறக்கும் பழைய விமானத்தைக் காண வேண்டுமென்றால் விமானப்படையின் பாரம்பரிய அணியில் உள்ள டைகர் மாத், ஹார்வர்ட், டக்கோட்டா ஆகியவைதான் உண்டு. அவற்றுள் டக்கோட்டா, இங்கிலாந்தில் பழுது நீக்கப்பட்டு, 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய விமானத்தின் வி.பி.905 என்ற எண்ணை அதற்கு இட்டிருக்கிறார்கள். 2021 குடியரசு நாள் அணிவகுப்பில் இரண்டு எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களுக்கு நடுவே அது மெல்லச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜெட் விமானங்கள் கண்ணிமைப்பதற்குள் போய்விடுகின்றன. அந்தக் கிழ விமானத்தைத்தான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. மாருத்துக்கு அந்த வாய்ப்பு இனி வரப்போவதில்லை.

சேவையைப் பொறுத்தவரை, தொலைபேசியை எடுப்பதில் அவர் சோம்பல் உள்ளவர்; நேரில் போவதே வேலையை நகர்த்தும். சொன்ன நாளைவிடப் பன்னிரண்டு நாள் தாமதம். பொட்டலம் கட்டியதில் குறை சொல்ல இடமில்லை: மாம்பழப் பெட்டி, வைக்கோல், மேலே பழைய செய்தித்தாள். தோத்தாபுரி செல்லும் அதே பெட்டியில் மாருத் வந்து இறங்கியதை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். தாங்கியாகக் கொடுத்த பித்தளைக் கம்பி சற்றே மெலிந்தது. கதவைச் சாத்தினால் விமானம் தலையாட்டுகிறது. நீங்கள் கேட்டால் தடித்த கம்பி போடுவார்.

குழந்தைகள் கையில் கொடுக்க வாங்குகிறவர்களுக்கு இது ஏற்றதன்று; இறக்கை முனை உடையும். பிளாஸ்டிக் மாதிரிகளின் பலகைக் கோடுகளையும் ஆணித் தலைகளையும் எதிர்பார்க்கிறவர்களும் ஏமாறுவார்கள். வடிவத்தை நேசிக்கிறவர்கள் வாங்கலாம். வாங்குமுன் பலகை எத்தனை மாதம் காய்ந்தது என்று கேளுங்கள், உங்கள் விமானத்தின் பின்பக்கப் படத்தை நீங்களே எடுத்துச் செல்லுங்கள், எந்தக் கோல் என்றும் கேட்டுவையுங்கள்.

இரண்டாவதாக ஒரு லிபரேட்டர் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்களில் 40-க்கும் மேற்பட்டவற்றை அதே இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் செப்பனிட்டுப் பறக்க வைத்தது. விமானப்படை அவற்றை 1968 வரை வைத்திருந்ததால்தான், இன்று பிரிட்டன், அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்கள் சிலவற்றின் பிழைத்த கதை இந்தியா வழியாகச் செல்கிறது. அதன் இறக்கை 33.5 மீட்டர், 48-இல் ஒரு பங்கு என்றால் எழுபது செ.மீ. நீளப் பலகை வேண்டும். இந்த முறை தேக்கு. வெட்டிய பலகை பட்டறைப் பரணில், முனைகளில் வண்ணம் பூசி, நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு ஆடிக்கு முன் உளி வைக்கக் கூடாது என்று அதன் மேல் சாக்பீஸால் நானே எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.